ஓடி முடிய வாற இருமல்: பம்ப் அடிச்சு ஓட விடலாமா, நிப்பாட்ட வேணுமா?

விசில்: இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி தொடங்கினால் வன்னிப் பள்ளிக்கூடங்களில ஒரே கதைதான். 800 மீற்றர் ஓடி முடிச்ச பிள்ளை ஓரத்தில நிண்டு இருமும். அடுத்த நாள் “பிள்ளைக்குத் தொய்வு (ஆஸ்மா), ஓட விடாதேங்கோ” எண்டு வீட்டிலிருந்து கடிதம் வரும். நிப்பாட்டக் கூடாது எண்டுதான் நான் சொல்லுவன். ஓட 10–15 நிமிசத்துக்கு முதல், மூச்சுக்குழாயை விரிக்கிற சல்பியூட்டமோல் பம்பில (இன்ஹேலரில) இரண்டு பஃப், அதாவது 200 மைக்ரோகிராம், இழுத்தால் இரண்டு மூண்டு மணித்தியாலம் தாங்கும். அதுக்குள்ள பயிற்சி முடிஞ்சிடும்.

குளக்கட்டு: எனக்கு உடன்பாடில்லை. பெரும்போக அறுவடையும் விளையாட்டுப் போட்டியும் ஒண்டாய்த்தான் வருது. வெட்டு மெசின் தூசி, வைக்கல் எரிக்கிற புகை, கிரவல் றோட்டுப் புழுதி, விடியப் பனி. இவ்வளவையும் இழுக்க விட்டிட்டு மருந்தால மூடுறதோ? மருந்தடிச்சு ஓடினால் மற்றப் பிள்ளையளுக்கும் அநியாயம்.

கிளினிக் கொப்பி: கடைசி வசனத்தை முதலில் முடித்துவிடுவோம். சுவாசத்தில் இழுக்கும் சல்பியூட்டமோலைச் சர்வதேசப் போட்டிகளிலேயே 24 மணித்தியாலத்துக்கு 1600 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறார்கள். சுவாசக்குழாய் இறுகாத பிள்ளைக்கு அதனால் வேகம் கூடாது. இறுகிற பிள்ளையை மற்றவர்களின் மட்டத்துக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான்.

பனியைப் பற்றி: ஓடும்போது பிள்ளை வாயால் நிறையக் காற்றை இழுக்கிறது. அதை ஈரமாக்கிச் சூடாக்குவதில் சுவாசக்குழாயின் உட்தோல் நீரை இழக்கிறது. மிஞ்சிய நீரில் உப்புச் செறிவு கூட, அங்குள்ள கலங்கள் ஹிஸ்டமின் போன்ற பொருட்களை வெளிவிட, குழாய்த் தசை இறுகுகிறது. எனவே முதல் எதிரி வறண்ட காற்று. எங்கள் விடியல் பனி ஈரமானது, குளிர்நாட்டு உறைபனி போன்றதல்ல. அந்த நேரத்தில் வரும் இருமலுக்குத் தூசி, புகை, ஆறாத தடிமன் மூன்றையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஆனி முதல் ஆவணி வரை அடிக்கும் சோளகக் காற்று வேறு விஷயம். அது வறண்டது, புழுதியும் சேர்ந்து வரும்.

விசில், உங்கள் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறது. ஓடி இருமுகிற எல்லாமே தொய்வில்லை. தொய்வென்றால் நேரம் காட்டிக்கொடுக்கும்: பெரும்பாலும் ஓட்டம் நின்ற பிறகுதான் கூடும், 5–10 நிமிடத்தில் உச்சம், அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் தானாக அடங்கும். ஓட்டத்தின் உச்சத்திலேயே, மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம் கேட்டு, நின்ற சில நிமிடங்களில் போய்விட்டால் அது குரல்வளை ஒடுங்குவது. அதற்குப் பம்ப் எத்தனை அடித்தாலும் கேட்காது. நாலு கிழமைக்கு மேல் சளியோடு ஈர இருமல் என்றால் தொற்றைத் தேட வேண்டும். மெலிவு, இரவுக் காய்ச்சல் சேர்ந்தால் காசநோய்ச் சோதனை. ஓடும்போது மயங்கினால், நெஞ்சு நொந்தால் இதயத்தைப் பார்க்கும் வரை ஓட்டமே வேண்டாம்.

விசில்: தொய்வோ எண்டு பாக்க மூச்சை அளக்கிற ஸ்பைரோமீற்றருக்கு எங்கை போறது?

கிளினிக் கொப்பி: ஊதும் வேகத்தைக் காட்டும் சிறு கருவியான பீக் ஃப்ளோ மீற்றர் போதும், கிளினிக்கில் கேட்டால் ஊதக் காட்டித் தருவார்கள். நேராக நின்று, முழு மூச்செடுத்து, ஒரே வீச்சில் ஊத வேண்டும். மூன்று தரம் ஊதிக் கூடிய எண்ணை எழுதுங்கள். பிறகு 6–8 நிமிடம் நன்றாக மூச்சு வாங்க ஓட விட்டு, நின்ற 5, 10, 15ஆம் நிமிடங்களில் திரும்ப ஊத விடுங்கள். முதல் 250, பிறகு 200 என்றால் விழுந்தது 20 வீதம். 15 வீதத்துக்கு மேல் விழுந்தால் தொய்வுச் சந்தேகம் வலுக்கும். இதில் இரண்டு பிழை வழக்கமாக நடக்கும். 8 மணித்தியாலத்துக்குள் பம்ப் அடித்திருப்பது ஒன்று. சோதனைக்கு முதல் உடம்பைச் சூடாக்க ஓடவிடுவது மற்றது. ஒருக்கால் ஓடிய பிறகு பாதிப் பேருக்கு ஒன்று, இரண்டு மணித்தியாலம் குழாய் மறுபடி இறுகாது, அதனால் எண் விழுவது மறைந்துவிடும்.

குளக்கட்டு: தொய்வு இருக்கோ எண்டு பாக்கத் தொய்வை வரப்பண்ணுறது! கிரவுண்டில மூச்சுத் திணறினால் ஆர் பொறுப்பு?

கிளினிக் கொப்பி: நியாயமான கேள்வி. தடிமன் இருக்கிற நாளில், ஏற்கெனவே இழுக்கிற பிள்ளையில், முன்பு தொய்வுக்கு வாட்டில் கிடந்த பிள்ளையில் இதைச் செய்யவே கூடாது. அவர்களுக்கு ஆஸ்பத்திரியில்தான். மற்றவர்களுக்கும் பம்பும் அதன் வாயில் பொருத்தும் கூடான ஸ்பேசரும் கைக்கெட்டின தூரத்தில் இருக்க வேண்டும்.

விசிலின் பழக்கத்துக்கும் ஒரு எச்சரிக்கை. நாள்தோறும் நீலப் பம்பை (சல்பியூட்டமோலை) முன்கூட்டியே அடித்தால் சில கிழமைகளில் பாதுகாப்பு நேரம் குறையும், அவசரத்தில் அடிக்கும்போதும் பலன் மெதுவாகும். தொய்வுக்கான ஜீனா (GINA) என்ற உலக வழிகாட்டி 2019இலிருந்து, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீலப் பம்பைத் தனியே கொடுத்துச் சமாளிப்பதைக் கைவிட்டுவிட்டது.

விசில்: அதே வழிகாட்டியில, ஓடமுதல் எடுக்கிற பஃப்பைக் “கிழமைக்கு இரண்டுக்கு மேல்” எடுத்தால் தொய்வு கட்டுப்பாட்டில இல்லை எண்ட கணக்கில சேக்கிறேல்லை. அதையும் சொல்லுங்கோ.

கிளினிக் கொப்பி: கணக்கில் சேராது, சரி. ஆனால் இராத்திரியில் இருமல், சிரித்தாலும் இருமல், கிழமையில் நாலு நாள் பயிற்சியிலும் இருமல் என்றால் உள்ளே வீக்கம் இருக்கிறது. அதற்கு பெக்லோமெத்தசோன் போன்ற தடுப்புப் பம்பைத் தினமும், இருமல் இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். ஓட்ட இருமல் குறைய இரண்டு முதல் நாலு கிழமை செல்லும். போட்டிக்கு மூன்று நாள் இருக்கத் தொடங்கிப் பயனில்லை.

குளக்கட்டு: ஸ்டீரொயிட். வளர்ச்சி நிண்டிடும்.

மருந்து மேசை: நிற்காது. முதல் வருடத்தில் சராசரியாக ஒரு சென்ரிமீற்றர் அளவு பின்தங்கலாம், பிறகு அது வருடா வருடம் கூடிக்கொண்டே போவதில்லை. எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்பூஞ்சணம் வருவதும் குறையும். ஸ்டீரொயிட்டுக்குப் பயந்து சல்பியூட்டமோல் சிரப் கொடுப்பவர்கள் ஒன்றைக் கணக்குப் பாருங்கள்: 5 மில்லிலீற்றரில் 2 மில்லிகிராம், அதாவது 20 பஃப்புக்குச் சமம். அது இரத்தம் முழுக்கச் சுற்றிக் கை நடுக்கமும் படபடப்பும் தந்து, வேலை தொடங்க அரை மணி செல்லும். பம்ப் சில நிமிடத்தில்.

பம்ப் “கேக்கேல்லை” என்பதில் பெரும்பங்கு பிழைப் பாவிப்பு. ஸ்பேசர் இல்லாமல் வாய்க்குள் அடித்தால் முக்கால்வாசி தொண்டையில் ஒட்டும். காசு இல்லையென்றால் 500 மில்லிலீற்றர் தண்ணிப் போத்தல் போதும். பம்பின் வாய்ப்பகுதி அளவுக்குப் போத்தலின் அடியில் குறித்து, சூடாக்கிய கம்பியால் வெட்டி, பம்பைச் செருகி, இடுக்கை ரேப்பால் ஒட்டுங்கள். போத்தலைப் பாத்திரம் கழுவும் சவர்க்கார நீரில் கழுவித் துடைக்காமல் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் நிலைமின் ஏறி மருந்து சுவரில் ஒட்டிவிடும். குலுக்கி ஒரு பஃப், வாயால் ஐந்தாறு சாதாரண மூச்சு, திரும்பக் குலுக்கி அடுத்தது. இரண்டையும் சேர்த்து அடிக்கக் கூடாது. கன நாள் பாவிக்காமல் கிடந்த பம்பென்றால் முதலில் இரண்டு தரம் வெளியில் அடித்துவிடுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் வைக்காதீர்கள்.

விசில்: கிரவுண்டில இறுகினால்?

மருந்து மேசை: படுக்க வைக்காமல் நிமிர்த்தி இருத்துங்கள். ஒவ்வொன்றாக நாலு பஃப், நாலு நிமிடம் பொறுத்து, குறையாவிட்டால் இன்னும் நாலு. ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாது, விலா இடுக்கு உள்ளே இழுபடுது, உதடு நீலம் என்றால் காத்திராமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், அது வரும் வரை பஃப் தொடரட்டும். இன்னொன்று: பம்பை அதிபர் அறை அலுமாரிக்குள் பூட்டி வைப்பது கூடாது. பின்னேரப் பயிற்சி நேரம் திறப்பு ஆரிட்ட இருக்குமென்று உங்களுக்கே தெரியும்.

குளக்கட்டு: மருந்துக் கதை சரி. புழுதிக்கு என்ன மறுமொழி?

விசில்: பயிற்சிக்கு முதல் ட்ராக்கில தண்ணி தெளிக்கலாம். வைக்கல் எரியிற நாளில கூடத்துக்குள்ள நீட்டிமடக்கல் மட்டும். 10–15 நிமிசம் மெல்ல ஓட்டம், இடைக்கிடை குறுகிய வேகம் எண்டு உடம்பைச் சூடாக்கினால் பம்பே தேவைப்படாத பிள்ளையளும் இருக்கினம். கடிதத்தையும் மாத்திக் கேக்கப்போறன்: “ஓட விடாதேங்கோ” இல்லை, எத்தனை பஃப், எப்ப, எந்த அறிகுறிக்கு நிப்பாட்டுறது எண்டு கிளினிக் எழுதித் தரட்டும்.

குளக்கட்டு: ட்ராக்குக்கு ஓம். கிரவல் றோட்டில மரதன் ஓட விடுறதுக்கு நான் இன்னும் இல்லைதான். லொறி போனால் தண்ணி தெளிச்சு என்ன பிரயோசனம்?