கலைச்சொல்: எண் வாசிக்கையில் கோப்பில் தங்கிவிடுவதை 'எச்சம்' எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

சி மொழிப் பாடக்குறிப்பில், கோப்பிலிருந்து எண்களை வாசிக்கும் பகுதியைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எது நடந்தாலும் 'வாசிப்புப் பிழை' என்றே போட்டுவந்தேன். நேற்று அந்தச் சொல்லே காலை வாரிவிட்டது. கோப்பில் இருந்தது இவ்வளவுதான்:

340
12,500
78

கோப்பிலிருந்து வாசிக்கும் செயற்கூறான எஃப்ஸ்கேன்எஃப்பில், முழு எண் வேண்டும் என்று சொல்லும் '%டி' கொடுத்து வாசித்தால் முதலில் 340, அடுத்து 12. மூன்றாவது அழைப்பு காற்புள்ளியில் முட்டி, வாசித்த எண்களின் எண்ணிக்கையாக 0 என்று திருப்பித் தருகிறது. காற்புள்ளியை அது விழுங்குவதில்லை. நான்காவது அழைப்பும் அதிலேயே முட்டும், நாலாயிரமாவதும் அப்படியே. நான் எழுதியிருந்த மடக்கோ (திரும்பத் திரும்பச் சுற்றும் பகுதி), கோப்பின் முடிவு வந்ததா என்று சொல்லும் 'எஃப்ஈஓஎஃப் பொய்யாக உள்ளவரை' சுற்றுவது. கோப்பின் முடிவு வந்தால்தானே நிற்க? மாறியில் பழைய 12 அப்படியே கிடக்க, கூட்டுத்தொகை பன்னிரண்டு பன்னிரண்டாக ஏறிக்கொண்டே போனது.

'திரும்பும் மதிப்பு 1 ஆக உள்ளவரை' என்று மாற்றினால் மடக்கு நிற்கும். ஆனால் ஏன் நின்றது? 0 வந்தால் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறேதோ இருக்கிறது. ஈஓஎஃப் என்ற தனி மதிப்பு வந்தால் வாசிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. சி தரநிலை இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. நாமும் பிரிப்போம்: முன்னது 'பொருந்தாமை', பின்னது 'உள்ளீடின்மை'. வாசிக்கப்படாமல் தங்கிவிடும் அந்தக் காற்புள்ளி முதலானவை 'எச்சம்'. கருத்துச் சொல்லுங்கள்.

—

வணக்கம் ஐயா. பொருந்தாமை அருமை. எச்சம் என்றால் என் மாணவர்களுக்குக் காக்கைதான் நினைவுக்கு வரும்! 'மீதி' போதாதா?

—

காக்கையை நானும் நினைத்தேன். துடைக்காவிட்டால் அதுவும் கிடந்த இடத்திலேயேதான் கிடக்கும், ஆகவே பொருத்தம்தான்!

மீதியை வகுத்தலுக்கு விட்டுவிடுவோம். சி மொழியிலேயே அதற்கென்று ஒரு குறி இருக்கிறது, குழம்பும். எச்சம் என்றது இலக்கணத்திலிருந்து. 'வந்த' என்று நிறுத்தினால் அது ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறது, பெயரெச்சம் என்கிறோம். இந்தக் காற்புள்ளியும் அடுத்த அழைப்புக்காகக் காத்திருப்பதுதான்.

இன்னொரு வசதியும் உண்டு. ஒழுங்கான தீர்வு, எஃப்கெட்ஸால் ஒரு வரியைச் சரமாக (எழுத்துத் தொடராக) வாங்கி, சரத்தை எண்ணாக்கும் எஸ்டிஆர்டிஓஎல்லிடம் கொடுப்பது. எண் எங்கே முடிந்தது என்று அது ஒரு சுட்டியில் குறித்துத் தரும். அதை 'எச்சச்சுட்டி' எனலாம். '12,500'க்கு எச்சச்சுட்டி காற்புள்ளியைக் காட்டும். சரத்தின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டால் எண்ணே இல்லை என்று பொருள். சரத்தை எண்ணாக்கும் இன்னொரு செயற்கூறான ஏடிஓஐயில் இந்த வசதி கிடையாது. '0' என்ற சரத்துக்கும் வெற்றுச் சரத்துக்கும் ஒரே விடைதான். அதைக் குறிப்பிலிருந்தே எடுத்துவிட்டேன்.

உள்ளீடின்மைதான் எனக்கே உறுத்துகிறது. தரவு தீர்ந்துபோனதையும் வட்டு பழுதாகி வாசிக்க முடியாமல் போனதையும் அது ஒன்றாக்கிவிடுகிறது. நிரலில் எஃப்ஈஓஎஃப்பையும், வாசிப்பில் பழுது நேர்ந்ததா என்று சொல்லும் எஃப்எரரையும் கேட்டால் எது என்று தெரிந்துவிடும், சொல்லில் தெரியவில்லை. இதற்கு நல்ல சொல் இருந்தால் தாருங்கள். மற்றவற்றை இன்றே குறிப்பில் ஏற்றிவிடுகிறேன்.