25 ஆயிரத்துக்குள் பாட்டு கேட்க மட்டும் ஓர் ஆம்ப்ளிஃபயர்: ஸ்டீரியோவா, 5.1 ரிசீவரா?

உறையூர்வாசி:

வணக்கம். அறை சின்னது, 12க்கு 11 அடி. நண்பர் ஊருக்குக் கிளம்பும்போது தன்னுடைய வார்ஃபடேல் டயமண்ட் 9.1 ஜோடியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மின்தடை 6 ஓம், சத்தத் திறன் 86 டெசிபல். என் பழைய ஆம்ப்ளிஃபயரில் ஒரு பக்கம் போய்விட்டது. அதில் இருக்கும் ஐசி சிப் இப்போது வருவதில்லை என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

கேட்பது பெரும்பாலும் கர்நாடகக் கச்சேரி, நாதஸ்வரம், எழுபது எண்பதுகளின் சினிமாப் பாட்டு. போனிலிருந்து ப்ளூடூத் வேண்டும், ஒரு சிடி பிளேயரும் இருக்கிறது. படம் பார்க்க அல்ல.

ஒரு கடையில், "இதே காசுக்கு ஐந்து ஸ்பீக்கரும் அடி ஒலிக்கு ஒரு சப்வூஃபரும் மாட்டும் 5.1 ரிசீவர் வருமே, எதற்கு இரண்டு சானல்?" என்கிறார்கள். இன்னொரு கடையில் கைக்கடக்கமான ஒரு சீன ஆம்ப்பைக் காட்டி 300+300 வாட் என்றார்கள். மச்சான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாமான் வாங்கி அசெம்பிள் செய்து தருகிறேன் என்கிறான். எதில் போகலாம்?

திரையரங்கம்:

நான் ரிசீவர் பக்கம்தான். பின்னால் டிவி, சப்வூஃபர் என்று ஆசை வந்தால் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். மைக் வைத்து அறைக்கு ஏற்றபடி தானே சரிசெய்துகொள்ளும் வசதியும் பலவற்றில் உண்டு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்குத் தள்ளிவிட்டால் சின்ன ஸ்பீக்கருக்குப் பாரம் குறையும். ஸ்டீரியோ ஆம்ப்பில் இந்த விலையில் அது கிடைப்பது அரிது.

சாலிடர்_வாசனை:

சார், வாட்டைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் அறைக்கு எவ்வளவு தேவை என்று முதலில் பார்ப்போம். பல வருடமாக ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் செய்கிறேன். யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே காசைக் கொட்டுவது எனக்கு மனசு கேட்பதில்லை.

86 டெசிபல் என்றால் 1 வாட்டுக்கு 1 மீட்டர் தள்ளி அந்தச் சத்தம். நீங்கள் எட்டடி தள்ளி உட்காருவீர்கள். தூரத்தில் ஏழெட்டு டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதாலும், சுவர் திருப்பி அனுப்புவதாலும் அதில் பாதியாவது திரும்ப வரும். ஆக ஸ்பீக்கருக்கு 1 வாட்டிலேயே 80 டெசிபலுக்கு மேல். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச நீங்கள் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் கோர்வைக்கு வரும்போது ஒரு கணம் 15 டெசிபல் எகிறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 டெசிபலுக்கு வாட் இரண்டு மடங்கு, 10க்குப் பத்து மடங்கு; 15க்கு ஏறக்குறைய 30 வாட். நிஜமான 40 வாட் இருந்தால் உங்கள் அறைக்குத் தாராளம்.

நிஜமான என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஸ்பெக் தாளில் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். விலை குறைந்த 5.1 ரிசீவர் பலவற்றில் "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சானல் மட்டும், 10 சதவீத டிஸ்டார்ஷன்" என்று இருக்கும். டிஸ்டார்ஷன் என்றால் ஒலிச் சிதைவு. 10 சதவீதத்தில் நாதஸ்வரத்தைக் கேட்க முடியாது, கிழிந்துவிடும். 8 ஓமில், இரண்டு சானலும் சேர்ந்து ஓடும்போது, எந்த ஹெர்ட்ஸிலிருந்து எதுவரை, எத்தனை சதவீதத்தில் என்று நான்கையும் சொல்லும் வாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் வந்த நேட் 3020 என்ற ஸ்டீரியோ ஆம்ப்பில் 20 வாட் என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனால் திடீரென்று வரும் அடிக்கு அதைவிட நிறையவே கொடுக்கும்படி செய்திருந்தார்கள். அதனால்தான் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

கைக்கடக்கமான ஆம்ப்புக்கு வருகிறேன். அதில் அனேகமாக டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப் இருக்கும். நல்ல சிப், குறை சொல்ல மாட்டேன். அந்த 300 வாட் 4 ஓமில், 51 வோல்ட் சப்ளையில், 10 சதவீத டிஸ்டார்ஷனில் வருவது. கூடவே வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 32 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருந்தால் மொத்தமே 160 வாட்தான். அதிலிருந்து 600 எங்கிருந்து வரும்? 8 ஓமில் சானலுக்கு ஐம்பது சொச்சம் வரும். உங்களுக்கு அதுவே போதும் என்பது வேறு விஷயம். இந்த வகையில் சிலவற்றில் ஸ்பீக்கரின் ஓம் மாறினால் டிரெபிளும், அதாவது மேல் ஒலியும், கொஞ்சம் மாறும். அடாப்டர் போனால் அதே வோல்ட், அதே ஆம்பியரில் தரமானதாகத் தேடி வாங்கிப் போட வேண்டும்.

திரையரங்கம் சொன்ன சப்வூஃபர் விஷயம் சரிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே காசை ஐந்து சானல், எச்டிஎம்ஐ போர்டு, டீகோடர் என்று பங்கு போட்டால் டிரான்ஸ்ஃபார்மருக்கும், சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்குக்கும் என்ன மிஞ்சும்? என் மேசைக்கு வரும் ரிசீவர்களில் எச்டிஎம்ஐ போர்டு போனதுதான் அதிகம். புது போர்டின் விலையைக் கேட்டுவிட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு பாகத்துக்காக ஏன் அந்தத் தலைவலி?

நான் வாங்கினால் யமஹா ஆர்-எஸ்202. சானலுக்கு 100 வாட், 8 ஓமில். ப்ளூடூத் உண்டு, எஃப்எம் உண்டு, டோன் கண்ட்ரோல் உண்டு. டிவியின் டிஜிட்டல் ஒலியை வாங்கும் ஆப்டிகல் இன்புட், சப்வூஃபர் அவுட், இசைத்தட்டு பிளேயருக்கான ஃபோனோ இன்புட் எதுவும் இல்லை. இசைத்தட்டு வைத்திருந்தால் அதே யமஹாவில் ஏ-எஸ்201 பாருங்கள், அதில் ஃபோனோ இருக்கிறது. விலை கடைக்குக் கடை மாறும், இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

உறையூர்வாசி:

ரொம்ப நன்றி அண்ணே, வாட் கணக்கு இப்போதுதான் புரிந்தது. இசைத்தட்டு இல்லை. அப்பா சாயங்காலம் செய்தி பார்ப்பார், டிவியை இதில் போட்டால் அவருக்குப் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஆப்டிகல் இல்லை என்கிறீர்களே? அப்புறம் மச்சானுக்கு என்ன பதில் சொல்ல?

சாலிடர்_வாசனை:

டிவியில் ஹெட்போன் ஜாக் இருந்தால் அதிலிருந்தே ஆர்சிஏ வயர் போட்டுக்கொள்ளலாம், செய்திக்கு அது தாராளம். ஆப்டிகல் மட்டும்தான் இருக்கிறது என்றால் டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் ஒரு சின்ன டிஏசி பெட்டி வாங்கி நடுவில் வையுங்கள், டிவி செட்டிங்கில் ஆடியோவை பிசிஎம் என்று மாற்றுங்கள்.

மச்சானைத் தட்டிக்கழிக்க வேண்டாம். நம் ஊரில் அசெம்பிள் செட் போட்டவர்கள் அருமையான வேலைக்காரர்கள். ஆனால் அவற்றின் அவுட்புட்டில் போடும் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர்களில் போலி நிறைய உலவுகிறது. அசல் சாமான் எங்கே வாங்குவது என்று அவருக்குத் தெரியும் என்றால் செய்யச் சொல்லுங்கள். ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன்னால் ஒன்று: பாட்டு எதுவும் போடாமல், வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து இரண்டு சானல் டெர்மினலையும் தொடுங்கள். 50க்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டவே வேண்டாம், காயில் கருகிவிடும். பழைய ஆம்ப் வாங்குவதானாலும் இதே சோதனைதான்.

கடையில் இரண்டு ஆம்ப்பை ஒப்பிட்டுக் கேட்டால் இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள். 1 டெசிபல் கூட இருந்தாலே அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். உங்கள் சிடியையே கொண்டுபோங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி ஒலி 'தொம்' என்று விழுந்து உடனே நிற்கிறதா, இல்லை பின்னால் இழுத்துக்கொண்டு கிடக்கிறதா என்று கவனியுங்கள். ஆனால் கடையின் அறை வேறு, உங்கள் அறை வேறு. வீட்டில் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓர் அடியாவது முன்னால் இழுத்து வைத்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

திரையரங்கம்:

அப்படியென்றால் வயர்? அதிலும் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்களே.

சாலிடர்_வாசனை:

வேண்டாம். நல்ல செம்பு, 1.5 ஸ்கொயர் எம்எம், எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். மூன்று மீட்டருக்கு அதுவே கூடுதல். இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் வெட்டி, முனையில் இழைகளை நன்றாக முறுக்கி மாட்டுங்கள். ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டால்கூட ஆம்ப்பின் அவுட்புட் போய்விடும்.