மறு: 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்': நீரிழிவுக் கையேட்டுக்கு வேறு சொல் உண்டா?

அனைவருக்கும் வணக்கம்.

உடலில் ஆக்சிஜனேற்றம் அதைத் தடுக்கும் காப்பை மிஞ்சிப்போகும் நிலையை (oxidative stress) எந்தத் தமிழ்ச்சொல்லால் சொல்வது என்பதுதான் கேள்வி. கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். அதனால் இதுவரை வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> 'அழுத்தம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கப் போகிறவர்கள் மெரினாவில் காலை நடைக்கு வரும் சர்க்கரை நோயாளிகள். 'அழுத்தம்' என்றால் அவர்களுக்கு பிரஷர்தான். 'தகைவு' பள்ளி இயற்பியலுக்குச் சரி, இங்கே யாருக்கும் புரியாது.

> செம்பில் களிம்பு ஏறுவதும் இதே வினைதான். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு, அதாவது உயிரைப் பற்றிய அழுக்குக்கு, சொன்ன உவமை. 'உயிர்க்களிம்பு' என்போம்.

ஐயா, அழகான சொல். வேதியியலும் பொருந்துகிறது. ஆனால் இன்று மருந்துக்கடையில் களிம்பு என்றால் தோலில் தடவுவது. அதைவிட, களிம்பு முழுக்கக் கெடுதல், இது அப்படியில்லை. வேகமாக நடக்கும்போது தசையில் இந்த ஆக்சிஜனேற்றத்தைச் செய்யும் துடிப்பான மூலக்கூறுகள் ('தனி உறுப்புகள்', free radicals) கூடத்தான் செய்கின்றன. அந்தச் சீண்டலில்தான் உடல் தன் காப்பு நொதிகளைப் பெருக்கிக்கொள்கிறது. 2009இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வொன்றில் உடற்பயிற்சியோடு, ஆக்சிஜனேற்றத்தை அடக்கும் வைட்டமின் சி, ஈ மாத்திரைகளும் எடுத்தவர்களுக்கு இன்சுலின் உணர்திறன் (இன்சுலினுக்கு உடல் இசையும் திறன்) கூடவில்லை, எடுக்காதவர்களுக்குக் கூடியது. ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் 1985இல் இந்தக் கருத்துக்கு வரையறை தந்தபோதும் சமநிலை குலைவதைத்தான் சொன்னார். ஆகவே என் பரிந்துரை 'ஆக்சிஜனேற்ற மிகை'.

> 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்ற குறளிலேயே 'வளி' இருக்கிறது. 'உயிர்வளி மிகை' என்றே வைக்கலாமே?

'மிகை'க்கு வள்ளுவர் துணை நிற்பதில் மகிழ்ச்சி. ஆனால் அங்கே வளி என்பது வாத, பித்த, கபத்தில் வரும் வாதம், மூச்சுக்காற்று அல்ல. தவிர, 2021க்குப் பிறகு ஆக்சிஜன் என்ற சொல் தெரியாத வீடு சென்னையில் இல்லை. அந்த ஆண்டு சிலிண்டருக்கு அலைந்தவர்களிடம் 'ஆக்சிஜனேற்ற மிகை கெடுதல்' என்றால் குழம்ப மாட்டார்களா என்று டாக்டரம்மா கேட்டது நியாயமான கேள்வி. 'மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனைச் சொல்லவில்லை' என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன்.

அப்புறம், வெந்தயம், சிறுகுறிஞ்சான், கருஞ்சீரகப் பொடிகளுக்குத் 'துணைமருந்து' என்ற சொல் வேண்டவே வேண்டாம். மருந்து என்று எழுதினால் அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இன்சுலினோடு சேர்த்து எடுத்தால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழவும் கூடும். 'மூலிகைத் துணையுணவு' போதும்.

இலங்கை நண்பர்கள் தங்கள் பதிப்பில் 'ஒட்சியேற்றம்' என்றே வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு 'மிகை' பக்கம்தான் ஆள் அதிகம். களிம்பு ஐயாவும் டாக்டரம்மாவும் இன்னும் ஒப்பவில்லை. புதன் இரவுக்குள் இதைவிடத் தெளிவான சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன்.