சுற்றுச்சூழல் அறிவியலில் ஆனர்ஸ் ஆண்டு: சேரலாமா?

கேள்வி:
ஆஸ்திரேலியாவில் சுற்றுச்சூழல் அறிவியலில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். ஈரநிலங்களின் நீர்த்தரம் குறித்து ஆராய விருப்பம் உண்டு என்றாலும், ஆய்வு செய்து ஆய்வேடு எழுதும் ஆனர்ஸ் படிப்புக்கு மேலும் ஓராண்டைச் செலவிடுவதா, நேரே வேலைக்குச் செல்வதா என்று முடிவெடுக்க இயலவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
முனைவர் பட்டம் உங்கள் எண்ணத்தில் இருந்தால் தயங்க வேண்டாம். படிப்புகளை நிலைவாரியாக வரிசைப்படுத்தும் ஆஸ்திரேலியத் தகுதிச் சட்டகத்தில் இளங்கலை 7ஆம் நிலை, ஆனர்ஸ் 8ஆம் நிலை. முதல் வகுப்பில் தேறியவர்கள் பொதுவாக முதுகலை படிக்காமலேயே முனைவர் ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தலைப்பைவிட ஆய்வு வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம் என்பேன். எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் படித்துத் திருப்பித் தருவார் என்பதை அவருடைய இப்போதைய மாணவர்களிடம் தனியே விசாரித்த பிறகே சம்மதியுங்கள்.

மறுமொழி 2:
ஆலோசனை நிறுவன வேலைதான் இலக்கு என்றால் ஆனர்ஸ் கட்டாயமன்று. களஅனுபவமும் ஓட்டுநர் உரிமமும் அங்கே அதிகம் பேசும்.

மறுமொழி 3:
களப்பணி பருவத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை மறவாதீர்கள். நான் தவளைகளின் ஒலியைப் பதிவு செய்யத் திட்டமிட்டிருந்தேன். விலங்காய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதியும் கைக்கு வருவதற்குள் இனப்பெருக்கக் காலம் பாதி கடந்துவிட்டது. பழைய கண்காணிப்புத் தரவுகளைக் கொண்டுதான் ஆய்வேட்டைக் காப்பாற்றினேன். ஆகவே, பல ஆண்டுத் தரவு ஏற்கெனவே இருக்கும் ஈரநிலத்தையே தேர்ந்தெடுங்கள். புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல்மொழியை விடுமுறையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.