கொடியை எண்ணிய கண்ணும் லேபிளைக் குடித்த நாக்கும்: அனுபவப் பகிர்வு

யார்டுக்கோடு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் ஆட்டம்) ரசிகர்களையும், ஒரே பிராண்டை விடாமல் வாங்குபவர்களையும் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் தங்களை ஏமாற்றிக்கொள்கின்றன. சொந்தக் கதை வேண்டாம். பார்த்ததை எப்படி அளப்பது, அளக்கும்போது எங்கே பிசகுகிறது, இதை எழுதுங்கள்.

1951 நவம்பர் 23, பிரின்ஸ்டனின் பால்மர் ஸ்டேடியம். பிரின்ஸ்டனும் டார்ட்மவுத்தும் மோதிய ஆட்டம். அந்த வருடம் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கிய பிரின்ஸ்டன் வீரர் டிக் காஸ்மையர் இரண்டாம் கால்பகுதியில் மூக்குடைந்து வெளியேறினார். மூன்றாம் கால்பகுதியில் டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. பிரின்ஸ்டன் 13-0 என்று ஜெயித்தது. அதன்பின் இரண்டு கல்லூரிப் பத்திரிகைகளும் இரண்டு வேறு ஆட்டங்கள் நடந்ததுபோல் எழுதின.

ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, கண்ணில் படும் விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். 1954-ல் முடிவு வெளியானது. டார்ட்மவுத் அணி செய்ததாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தது சராசரி 9.8. டார்ட்மவுத் மாணவர்கள் குறித்தது 4.3. பிரின்ஸ்டன் அணியின் தவறுகளை மட்டும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் எண்ணின: 4.2, 4.4. பலரும் 9.8-ஐ மட்டும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு இந்தக் கடைசி ஜோடிதான் முக்கியம். எண்ணத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். டார்ட்மவுத்தின் தவறுகளை எண்ணும்போது மட்டும்தான் கண் மாறியது.

படம் டார்ட்மவுத்தின் பழைய மாணவர் ஒருவருக்கும் போனது. தன் அணி முரட்டுத்தனமாக ஆடியது என்று கேள்விப்பட்டிருந்தவர், படத்தில் அதைக் காணாமல், முக்கியமான பகுதி வெட்டப்பட்டிருக்கிறது, விட்டுப்போன துண்டை விமானத் தபாலில் அனுப்புங்கள், ஒட்டும் கருவி எங்களிடம் இருக்கிறது என்று தந்தி அடித்தார். அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்லோமோஷன்

யார்டுக்கோடு அண்ணா சொன்ன சோதனையை இப்போது வீட்டிலேயே செய்யலாம். பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தப்பு, தங்கள் அணி அடிபட்ட இடத்திலிருந்து ரீப்ளேயைத் தொடங்குவது. அங்கே தொடங்கினால் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

ஓர் ஆட்டத்தில் இரு அணிக்கும் சேர்த்து 130 ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) அளவில் இருக்கும். பார்ப்பதற்கு முன்பே, ஐந்தில் ஒன்று என்று தாளில் எண் போட்டுக்கொள்ளுங்கள்: 5, 10, 15. மொத்தம் 26 வரும். டிவி சத்தத்தை நிறுத்திவிடுங்கள். வர்ணனையாளர் குரல் உயர்ந்தாலே கண் அந்தப் பக்கம் போய்விடும். ஒவ்வொரு ஸ்னாப்பையும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பந்தைப் பார்க்காமல், முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேரின் கைகளை மட்டும். இரண்டாவது முறை பந்து பிடிக்க ஓடுபவர்களையும் அவர்களை மறிப்பவர்களையும். ஜெர்சி எண், செய்த காரியம், எத்தனை யார்டு தண்டனை என்று எழுதி முடித்த பிறகுதான் ரெஃபரி தவறுக்கான கொடி வீசினாரா என்று பார்க்க வேண்டும். வரிசை மாறினால் எழுதுவதெல்லாம் ரெஃபரிக்குச் சொல்லும் பதிலாகிவிடும்.

அதே 26 ஸ்னாப்பை எதிரணி ரசிகர் ஒருவரையும் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு தாளையும் ஒப்பிட்டால் தகராறு ஹோல்டிங்கிலும் (எதிராளியைப் பிடித்து நிறுத்துவது, 10 யார்டு) பாஸ் இன்டர்ஃபியரன்ஸிலும் (பந்து பிடிக்கப் போகிறவரை விதிமீறி மறிப்பது, 15 யார்டு வரை) வந்து நிற்கும். இரண்டும் பார்ப்பவரின் தீர்ப்பு கலந்த தவறுகள். ஃபால்ஸ் ஸ்டார்ட்டில் (ஸ்னாப்புக்கு முன்பே அசைவது, 5 யார்டு) சண்டை வராது. அதிலும் வந்தால் யாரோ ஸ்னாப் எண்ணை ஒன்று தவறவிட்டிருக்கிறார்கள், முதலில் அதைச் சரிபாருங்கள்.

ஸ்லோமோஷனை நம்பாதீர்கள். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெதுவாக ஓட்டினால் அடித்தவர் வேண்டுமென்றே அடித்தார் என்று நம்பும் விகிதம் ஏறுகிறது என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தச் சோதனையில் ஃபுட்பால் மோதலும் ஒன்று. டார்கெட்டிங் (தலைப் பகுதியைக் குறிவைத்து அல்லது தலைக்கவசத்தால் மோதுவது) என்றால் 15 யார்டோடு ஆட்டக்காரரும் வெளியே போக வேண்டும். அப்படிப்பட்ட மோதலை முதலில் முழு வேகத்தில் பார்த்து எழுதுங்கள், பிறகு மெதுவாக.

திங்கள்காலை

சின்னக் குறிப்பு. 1973 சீசனில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் மற்றவர்களும் ஏழு பல்கலைக்கழக வகுப்பறைகளில் திங்கட்கிழமைதோறும் யார் கல்லூரிச் சட்டை போட்டு வருகிறார்கள் என்று எண்ணினார்கள். சனிக்கிழமை ஜெயித்திருந்தால் கூட்டம் அதிகம். தொலைபேசியில் ஆட்ட முடிவைக் கேட்டபோது ஜெயித்ததற்கு "நாம்" அதிகமாக வந்தது, தோற்றதற்கு "அவர்கள்". அதிலும், சற்று முன் நடந்த குட்டி வினாடிவினாவில் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லப்பட்டவர்களிடம்தான் இந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது.

தமிழில் இதைக் காதால் பிடிப்பது இன்னும் எளிது. "நாம ஜெயிச்சோம்" என்பவர் கேட்கிற உங்களையும் வெற்றியில் சேர்த்துக்கொள்கிறார். தோற்ற வாரம் "அவனுங்க கோட்டை விட்டானுங்க" என்று வினைமுற்றே மாறிவிடும். டெயில்கேட்டில் (ஸ்டேடியத்துக்கு வெளியே ரசிகர்கள் கூடும் விருந்தில்) நின்று வினைமுற்றை மட்டும் எண்ணினால் போதும், ஸ்கோர் கேட்கத் தேவையில்லை.

ருசிக்கூடம்

கடைப் பக்கத்துக்கு வருகிறேன். கோலா விசுவாசிகள் "ஒரு வாய் வைத்தால் சொல்லிவிடுவேன்" என்பார்கள். சோதிக்கும் வழி முக்கோணச் சோதனை. மூன்று கோப்பை, இரண்டில் ஒன்றே, ஒன்றில் வேறு. வேறாக இருப்பது எது என்பது மட்டும்தான் கேள்வி. எது பிடித்தது என்று கேட்கவே கூடாது. பிரித்தறிய முடியாதவரிடம் பிடித்ததைக் கேட்டால் அவர் மனதாரப் பதில் சொல்வார், அந்தப் பதிலுக்கு மதிப்பிருக்காது.

இரண்டு பானத்திலும் 500 மில்லி பாட்டில் ஒவ்வொன்று வாங்குங்கள். இரண்டும் பாட்டிலாகவோ இரண்டும் கேனாகவோ இருக்க வேண்டும். ஒரே இரவு ஒரே ஃபிரிட்ஜ் தட்டில் வைத்து, ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். கோப்பைக்கு 30 மில்லி. மொத்தம் ஆறு செட், அ ஒரு பானம், ஆ மற்றது, வரிசை இப்படி: அஅஆ, அஆஅ, ஆஅஅ, ஆஆஅ, ஆஅஆ, அஆஆ. 18 கோப்பைக்கு ஒவ்வொரு பானத்திலும் 270 மில்லி போகும். ஆறு செட்டையும் ஒரே மூச்சில் ஊற்றி வைக்காதீர்கள், கடைசி செட்டில் வாயு போயிருக்கும். செட்டுக்கு செட் ஊற்றுங்கள், திறந்த பாட்டிலை உடனே இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். நிறம் தெரியாத காகிதக் கோப்பை. செட்களுக்கு இடையே தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும்.

கோப்பைகளின் மேல் மூன்றிலக்க எண்களைக் குலுக்கி எடுத்து எழுதுங்கள். ஒரே எழுத்து எப்போதும் ஒரே பானத்துக்கு என்று வைத்தால் எழுத்தின் மேல் உள்ள விருப்பம் ருசியில் ஏறும். 1975-ல் தொடங்கிய பெப்சி சேலஞ்ச் என்ற கண்கட்டுச் சுவை விளம்பரத்தைப் பற்றி கோக் தரப்பு எழுப்பிய ஆட்சேபங்களில் இதுவும் ஒன்று. ஊற்றியவர் பரிமாறக் கூடாது. அவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

1985 ஏப்ரல் 23 அன்று கோக் தன் பழைய கலவையை நிறுத்திப் புதியதைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை செய்து, புதியதுதான் பிடிக்கிறது என்று பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. ஜூனில் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 1,500 தொலைபேசிப் புகார்கள். 79 நாளில், ஜூலை 11 அன்று, பழையதைத் திரும்பக் கொடுத்தார்கள். சியாட்டிலில் எதிர்ப்பை முன்னின்று நடத்திய கே மல்லின்ஸ், கண்மூடிச் சுவைத்த சோதனைகளில் பழையதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இதை வைத்து அவரைக் குறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. அவருடைய இழப்பு நிஜம். சிறு வயதிலிருந்து கையில் இருந்த பொருளை எடுத்துவிட்டார்கள். அந்த இழப்பை நாக்கின் கணக்கில் எழுதியதுதான் பிழை. 2004-ல் வெளியான மூளைப் படப்பிடிப்பு ஆய்விலும் "இது கோக்" என்று சொல்லிக் கொடுத்தபோது நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் கூடுதலாக இயங்கியது. அந்தப் பெயரோடு சேர்ந்து வருகிற இன்பம் பொய்யில்லை.

மேசைக்கரண்டி

ருசிக்கூடம் அக்கா, 6-ல் 4 சரியாகச் சொன்னால் தேறிவிட்டதாக எடுத்துக்கலாமா? ரசிகர்கள் அந்த இடத்தில்தான் சண்டைக்கு வருகிறார்கள்.

ருசிக்கூடம்

எடுத்துக்கொள்ள முடியாது. குருட்டாம்போக்கில் மூன்றில் ஒன்று சரியாக விழும். அந்தக் கணக்கில் 4 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு 729-ல் 73, அதாவது பத்துப் பேரில் ஒருவர் வெறும் அதிர்ஷ்டத்தில் வாங்கிவிடுவார். 5 அல்லது 6 வர வாய்ப்பு 729-ல் 13, நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஆகவே ஆறு செட்டுக்கு 5, பன்னிரண்டு செட்டுக்கு 8 வேண்டும். தோற்றவர் "இன்னொரு ரவுண்டு" கேட்டால் பழைய மதிப்பெண்ணையும் கூட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும். தோற்றதை அழித்துவிட்டு மறுபடி மறுபடி ஆடினால் ஒருநாள் எல்லோரும் ஜெயிப்பார்கள். ஆறு செட்டில் தோற்றதால் வித்தியாசமே இல்லை என்றும் நிரூபணம் ஆகாது. "ஒரு வாயில் சொல்வேன்" என்ற பேச்சுதான் நிற்காமல் போகிறது.

தோல்விக்கணக்கு

பெரியவங்க யாரும் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியை எடுக்கல, அதனால நான் எடுக்கிறேன். 2021-ல 3 ஜெயிச்சு 9 தோத்தாங்க. ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்கத்துல. 3, 3, 5, 7, 7, 7, 7, 8, 9. அந்த சீசனோட மொத்தப் புள்ளி வித்தியாசம் (எடுத்ததுல விட்டுக்கொடுத்ததைக் கழிச்சா) கூட்டல் 63. 9 தோத்த டீமுக்குக் கூட்டல்ல வர்றது அபூர்வம். "நெருக்கமான ஆட்டம் அதிர்ஷ்டம், அடுத்த வருஷம் தானா திரும்பும்" அப்படிங்கற வாதம் அங்கிருந்துதான் கிளம்புச்சு. வாதம் பொதுவா சரி. கை தவறிக் கீழ விழுந்த ஃபம்பிள் பந்தை யார் எடுக்கிறாங்கங்கறது பெரும்பாலும் பாதிக்குப் பாதி, அது திறமை இல்ல.

ஆனா கூட்டலைப் பிரிச்சுப் பாருங்க. ஃபோர்டாமை 45 புள்ளியில, பஃபலோவை 25-ல, நார்த்வெஸ்டர்னை 49-ல அடிச்சாங்க. மூணும் சேர்ந்து 119. மத்த ஒன்பதும் சேர்ந்து கழித்தல் 56. ஃபோர்டாம் ஒரு படி கீழ இருக்கிற பிரிவு. மூணு ஊதித்தள்ளின ஆட்டத்தை மொத்தத்துல கரைச்சா எந்த டீமும் அழகாத் தெரியும். 2022-ல முதல் ஆட்டமே டப்ளின்ல அதே நார்த்வெஸ்டர்ன்கிட்ட 31-28-ல தோல்வி. மூணு ஆட்டத்துல கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட் வேலை போச்சு. சீசன் 4-8. நெப்ராஸ்காவோட லிங்கன் ஸ்டேடியம் 1962-லிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் தீர்ந்துபோற இடம். அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். அந்தப் பாசம்தான் கணக்கையும் போட்டுச்சு, அதான் சிக்கல்.

தன்னைப் பிடிக்க ஒரே வழி, சீசனுக்கு முன்னாடி 12 ஆட்டத்துக்கும் ஜெயிக்கற வாய்ப்பை எண்ணா எழுதி, தேதியோட தனக்கே மெயில் அனுப்பிக்கறது. முடிஞ்சதும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், எழுதின எண்ணிலிருந்து முடிவைக் (ஜெயிச்சா 1, தோத்தா 0) கழிச்சு, இருமடி எடுத்து, பன்னிரண்டுக்கும் சராசரி பாருங்க. 0.8 எழுதித் தோத்தா 0.64. 0.6 எழுதி ஜெயிச்சா 0.16. எல்லாத்துக்கும் 0.5 எழுதின சோம்பேறிக்கு 0.25 வரும். விசுவாசமான ரசிகர் அதுக்கு மேல போனார்னா நாணயத்தைச் சுண்டிப் போட்டவரைவிட மோசமாக் கணிச்சிருக்கார். ரெண்டு இடத்துல கெட்டுப்போகும். எண்ணுக்குப் பதிலா "நல்லா ஆடுவோம்"னு எழுதறது ஒண்ணு. குவாட்டர்பேக் (பந்தை எறியற முக்கிய ஆட்டக்காரர்) அடிபட்டுட்டார்னு நடுவுல திருத்தறது இன்னொண்ணு. திருத்தணும்னா அதையும் புது வரியில தேதியோட எழுதணும், பழசை அடிக்கக் கூடாது.

மருந்துச்சீட்டு

அமெரிக்கக் கடைகளில் தலைவலி மாத்திரை வாங்குபவர்களைப் பார்த்தால் எல்லாமே தெரியும். 2015-ல் வெளியான ஆய்வொன்றில் சராசரி வாடிக்கையாளர் வாங்கிய தலைவலி மருந்துகளில் 26 சதவீதம் பெரிய பிராண்ட். மருந்தாளுநர்கள் வாங்கியதில் 9 சதவீதம். சமையல் தொழில் செய்பவர்களும் உப்பு, சர்க்கரையில் அப்படியே கடை பிராண்ட் (கடை தன் பெயரிலேயே விற்கும் சரக்கு) பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

அட்டையைத் திருப்பி மூன்று வரி பாருங்கள்: செயல்படும் மருந்தின் பெயர், மில்லிகிராம், மாத்திரை எண்ணிக்கை. அட்வில் என்ற பெரிய பிராண்டிலும் கடை பிராண்டிலும் ஐபுப்ரோஃபென் 200 மில்லிகிராம்தான். விலையை எண்ணிக்கையால் வகுத்து ஒரு மாத்திரைக்கு என்ன என்று பாருங்கள். பெட்டி விலையை ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், 24-ம் 100-ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அடிக்கடி நடக்கும் பிசகு, ஒன்று சாதாரணம், மற்றது நீண்ட நேரம் வேலை செய்வது என்று கவனிக்காமல் ஒப்பிடுவது. தைராய்டுக்கான லெவோதைராக்ஸின் போல அளவு நுணுக்கமான மருந்துகளை இந்தக் கணக்கில் நீங்களாக மாற்றாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

யார்டுக்கோடு

இழப்பை நாக்கின் கணக்கில் எழுதுவதாக ருசிக்கூடம் சொன்னது பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். ஸ்வீடனில் 2010-ல் வெளியான சோதனை. கடைக்கு வந்தவர்கள் இரண்டு ஜாம் ருசித்துப் பிடித்ததைச் சொன்னார்கள். ஜாடிக்கு இரண்டு பக்கமும் மூடி, நடுவில் தடுப்பு. தலைகீழாகத் திருப்பி, பிடிக்கவில்லை என்று சொன்னதையே பிடித்தது என்று திரும்பக் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்தது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்டுபிடிக்கப்படவில்லை, மீதிப் பேர் கையில் வந்ததற்கே காரணம் சொன்னார்கள்.

ஆகவே பொருள் வாங்கும் காரணத்தைப் பணம் கொடுக்கும் முன்பு எழுதச் சொல்லுங்கள். வான்கூவர் குதிரைப் பந்தயத் திடலில் 2 டாலர் கட்டப் போனவர்களையும் கட்டிவிட்டு வந்தவர்களையும் 1968-ல் வெளியான ஆய்வு கேட்டது. ஏழுக்கு 3.48 ஆக இருந்த நம்பிக்கை, சீட்டு கைக்கு வந்ததும் 4.81. நடுவில் குதிரை ஓடவே இல்லை. கார், போன், செருப்பு எதுவானாலும் மூன்று காரணம், ஒவ்வொன்றும் அளக்கக்கூடியதாக: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், பேட்டரி எத்தனை மணி நேரம், அடி தேய எத்தனை மாதம். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து அதே மூன்றையும் எழுதச் சொல்லி, பிறகு பழைய தாளை எடுங்கள். தாளை வாங்கியவரிடம் கொடுத்து வைக்காதீர்கள், வீட்டில் வேறொருவர் வைத்திருக்கட்டும்.