கான்டனீஸும் மலாயும்: தமிழர் எதை முதலில் கற்பது?

கெடிலக்கரை, கடலூர்:
வணக்கம். கடலூரில் ஓர் இரசாயன ஆலையில் பணியாற்றும் எனக்குக் கோலாலம்பூர்க் கிளைக்கு மாற்றல் வரவிருக்கிறது. அங்கே அலுவல் தாள்கள் மலாயில் வரும் என்றும், என் பிரிவில் உள்ள சீனர்கள் தங்களுக்குள் கான்டனீஸில் பேசிக்கொள்வார்கள் என்றும் அறிகிறேன். புறப்படுவதற்கு முன் ஒன்றையாவது தொடங்க விரும்புகிறேன். மலாய் மிக எளிது, கான்டனீஸ் நமக்கு வராது என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது உண்மைதானா, அல்லது இரண்டிலும் கடினம் வேறு வேறு இடங்களில் இருக்கிறதா என்பதே என் ஐயம்.

வில்லியனூரன், புதுச்சேரி:
கடினம் வேறு வேறு இடங்களில்தான் இருக்கிறது, நண்பரே. மலாய் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. கான்டனீஸ் சீன-திபெத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டிலும் வினைச்சொல் காலத்துக்கோ, தன்மை முன்னிலை படர்க்கை என்னும் இடத்துக்கோ ஏற்பத் திரிவதில்லை. இரண்டிலும் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையே இயல்பானது. எண்ணும்போது ஆளுக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று எனத் தனி அளவுச்சொல் சேர்ப்பதும் இரண்டிலும் உண்டு. ஒற்றுமை பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது.

மலாயின் எளிமை முதல் மாதத்து எளிமை. உரோமன் எழுத்தில் இருப்பதால் அன்றே வாசித்துவிடலாம். கடையைக் ‘கெடாய்’ என்றும் கப்பலைக் ‘காப்பல்’ என்றும் கேட்கும்போது ஊருக்குள் இருப்பது போலவே தோன்றும். அதன்பின் ஒட்டுகள், அதாவது வேர்ச்சொல்லோடு சேரும் அசைகள், வரும். ‘அஜார்’ என்ற ஒரே வேரிலிருந்து ‘பெலாஜார்’ என்றால் கற்றல், ‘மெங்காஜார்’ என்றால் கற்பித்தல், ‘பெலாஜார்’ என்பதன் முதல் எழுத்தின் ஒலி சற்றும் மாறாமலே மாணவர் என்னும் பொருளும் உண்டோ என்று நமக்குக் குழப்பம் வரும். உண்மையில் மாணவரைக் குறிப்பது ‘ப்பெலாஜார்’ என்று வல்லொலியில் தொடங்கும் சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. ஆகவே மலாயைத் தமிழ் எழுத்தில் குறித்து மனப்பாடம் செய்யாதீர்கள். மேலும், ‘எழுது’ என்னும் ‘தூலிஸ்’ ஒட்டு ஏற்கும்போது தகரம் கெட்டு ‘மெனூலிஸ்’ ஆகிறது. பெரிய அகராதிகள் வேர்ச்சொல் வரிசையில் அமைந்திருப்பதால், புணர்ச்சியைப் பிரிக்கத் தெரியாதவர் அங்கே ‘மெனூலிஸ்’ஸைத் தேடி ஏமாறுவார். நன்னூல் படித்தவருக்கு இது அச்சமூட்டாது.

கான்டனீஸில் இத்தகைய ஒட்டு மிகக் குறைவு. அங்கே சுவர் ஒலியில் நிற்கிறது. ‘சீ’ என்னும் ஓரசையை உயர்ந்த சமநிலையில் சொன்னால் கவிதை, உயர ஏற்றிச் சொன்னால் வரலாறு, நடுநிலையில் முயற்சி, தாழ இறக்கினால் காலம், தாழ்விலிருந்து சற்றே ஏற்றினால் சந்தை, தாழ்ந்த சமநிலையில் காரியம். நாம் குரலை உயர்த்துவது கேள்வியையோ வியப்பையோ காட்ட. அவர்களுக்கு அந்த உயர்வே சொல்லின் உறுப்பு. எனவே கேள்வியை வாக்கிய இறுதியில் ‘மா’ போன்ற அசைகளைச் சேர்த்தும் காட்டுகிறார்கள். நம் ‘வந்தாயா’வில் உள்ள ஆகாரத்தைப் போன்றதே அது.

பரங்கிப்பேட்டையான்:
எங்கள் ஊரில் மலாயாவுக்குப் போய்வராத குடும்பங்கள் குறைவு. நானும் கோலாலம்பூரில் கடை நடத்தியவன். வில்லியனூரனார் சொன்னவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயருக்கு அடைமொழி வரும் வரிசையில் நமக்கு நெருங்கியது மலாய் அன்று, கான்டனீஸே. ‘பெரிய வீடு’ என்பதை மலாயில் ‘ரூமா பெசார்’ என்று, வீட்டை முன்னே வைத்துச் சொல்ல வேண்டும். கான்டனீஸில் ‘தாய் ஊக்’ என்று நம் வரிசையிலேயே பெரியது முன்னே வரும். ‘வந்த ஆள்’ என்பதும் அப்படியே: மலாயர் ஆளைச் சொல்லிவிட்டு ‘யாங்’ சேர்த்து வந்ததைச் சொல்வார்கள், கான்டனீஸ்காரர் வந்ததை முதலில் சொல்லி ஆளைப் பின்னே வைப்பார்கள். நாமும் நாங்களும் என்ற வேறுபாட்டிலோ நிலைமை தலைகீழ். மலாயில் ‘கித்தா’, ‘காமி’ என்று அது நம்மைப்போலவே தெளிவாக இருக்கிறது. கான்டனீஸில் இரண்டுக்கும் ‘ங்ஓ தெய்’ ஒன்றுதான்.

உச்சரிப்பில் நம்மவர் சறுக்கும் இடம் சொல்லின் இறுதி வல்லினம். ஒன்றை ‘யத்’ என்றும், ஆறை ‘லுக்’ என்றும், பத்தைச் ‘சப்’ என்றும் இறுதி மெய்யை வெடிக்கவிடாமலே நிறுத்த வேண்டும். நாமோ குற்றியலுகரம் சேர்த்துச் ‘சப்பு’ என்று முடித்துவிடுவோம்; எதிரில் இருப்பவர் ஏதோ இரண்டு சொல் கேட்டவராக விழிப்பார்.

கெடிலக்கரை, கடலூர்:
மிக்க நன்றி. கான்டனீஸைப் பேச மட்டும் கற்றால், அதன் எழுத்தையும் பின்னர் எளிதாகப் படித்துவிடலாமா?

முத்தியால்பேட்டை வாசகி, புதுச்சேரி:
முடியாது என்றே சொல்வேன். ஆங்காங் செய்தித்தாளில் பெரும்பாலும் வருவது பொது எழுத்துச் சீனம். அதைக் கான்டனீஸ் ஒலியில் வாசிக்கிறார்கள், அவ்வளவே. பேச்சில் ‘ஆகும்’ என்பதற்கு ‘ஹாய்’ என்பார்கள், எழுத்தில் ‘சீ’ என்னும் வேறு சொல் வரும். நமக்கு ‘இருக்கு’ என்பதும் ‘இருக்கிறது’ என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். அங்கே சொல்லே மாறுகிறது. ஆகவே எழுத்தைத் தனிப் பாடமாகவே கொள்ளுங்கள். பேச்சொலியைக் குறிக்க ஆங்காங் மொழியியல் சங்கம் 1993-இல் வகுத்த ‘யூத்பிங்’ என்னும் உரோமன் முறை போதும். ஒவ்வோர் அசைக்கும் பின்னே 1 முதல் 6 வரை எண்ணிட்டுச் சுரத்தை, அதாவது குரலின் உயர்வு தாழ்வைக் காட்டும்.

பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்குச் சென்ற புதுச்சேரிக் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அங்கே சோலோன் என்னும் சீனர் பகுதிக் கடைகளில் கான்டனீஸ் பேசிய வணிகரிடம் என் பாட்டி பேரம் பேசியது ஓர் எழுத்தும் அறியாமல்தான். சுரமொழியைக் காதால் தொடங்குவதே நல்லது என்று நான் கருதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வில்லியனூரன், புதுச்சேரி:
அம்மையார் சொல்வது சரி. உங்கள் நிலையில் மலாயை முதலில் தொடங்குங்கள், அலுவல் தாள்கள் காத்திருக்கமாட்டா. பழைய பாடநூல் கைக்கு வந்தால் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள்: 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்திலக்கணத்தைப் பொதுவாக்கியபோது, அதுவரை மலேசியாவில் ஆங்கிலப் பாணியில் ‘ch’ என இரண்டு எழுத்தாக எழுதப்பட்ட சகர ஒலி ‘c’ என ஓரெழுத்தாயிற்று. கான்டனீஸுக்கு நாள்தோறும் கால் மணி நேரம் எண்களை மட்டும் கேட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். அங்கே சேர்ந்தபின், உங்கள் பிரிவின் இளைஞர்கள் மாண்டரினுக்கு மாறிவிட்டார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சீனப் பள்ளிகளில் பயிற்றுமொழி அதுவே.