25 நாள் மல்லாட்டையில் (நிலக்கடலையில்) இலைப்பேன்: கடைக்காரர் கொடுத்த நான்கையும் கலந்து அடிக்கலாமா?

கிணற்றுமேட்டான்:

வணக்கம். செஞ்சிப் பக்கம் இரண்டு ஏக்கர், மார்கழிப் பட்டம், கதிரி 1812 ரகம், கிணற்றுப் பாசனம். விதைத்து 25 நாள் ஆகிறது. முதல் களை எடுத்தாகிவிட்டது. கொஞ்ச நாளாக நுனி இலைகள் விளிம்பைத் தூக்கிக்கொண்டு சுருங்குகின்றன. இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை வெள்ளையாக மினுக்கும் திட்டுகள். அங்கங்கே சில செடிகளில் குருத்தே கருகியிருக்கிறது. பக்கத்து வயலில் தக்காளி.

ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். அவர் இலைப்பேன் என்று சொல்லி இமிடாகுளோபிரிட், தயமீத்தாக்சாம், ஒரு டானிக், 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது) நான்கையும் எடுத்து வைத்தார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து டேங்குக்கு ஒரு மூடி ஊற்றச் சொன்னார். அப்பாவோ, "தண்ணி கட்டு, தானா தேறும். நாங்கல்லாம் இதுக்குப் போய் மருந்தா அடிச்சோம்?" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கொங்குக் கடலைக்காய்:

மோனோகுரோட்டோபாஸ் அடிச்சு விடுங்க. ரெண்டே நாள்ல செடி தெளிஞ்சுரும். எங்க பக்கம் கடலைக்காய்க்கு எப்பவும் அதுதான்.

பழைய பம்ப்செட்:

தம்பி, உங்கள் அப்பா சொல்வது முக்கால்வாசி சரி.

முதலில் மோனோகுரோட்டோபாஸ் பேச்சை விட்டுவிடுவோம். அந்த 36 எஸ்.எல். (36 சதவீதத் திரவ) மருந்துக்கு 2023இல் மத்திய அரசு தடை ஆணை போட்டாயிற்று. சிவப்பு முக்கோணச் சரக்கு, அதாவது கடும் விஷம். முன்பு எல்லோரும் அடித்தோம் என்பது இப்போதும் அடிப்பதற்குக் காரணம் ஆகாது.

நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் கொல்லைக்கு (கடலை வயலுக்கு) போங்கள். வரப்பை ஒட்டிய செடிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், உள்ளே நடந்து அங்கங்கே நின்று பாருங்கள். விரிந்த இலையில் பூச்சியைத் தேடிப் பயனில்லை. நுனியில் இன்னும் மடிந்தே இருக்கும் குருத்திலையைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லப் பிரியுங்கள். மடிப்புக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வெளிர்மஞ்சள் கீற்று ஒன்று நரம்பை ஒட்டி ஓடும். அது இறக்கை முளைக்காத குஞ்சு. கண் சரியில்லை என்றால் குருத்தை ஒரு வெள்ளைத்தாள் மேல் தட்டுங்கள். விழுந்த தூசி நடக்க ஆரம்பித்தால் இலைப்பேன்தான்.

பழைய இலை வெளுத்திருந்தாலும் புதிதாக விரியும் இலை சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் மருந்தே வேண்டாம். பழைய இலையில் விழுந்த தழும்பு எந்த மருந்துக்கும் மறையாது, செடிதான் அதைத் தாண்டி வளர வேண்டும். பெரும்பாலும் வளர்ந்துவிடும். கொடி படர்ந்து தரையை மூடும்போது இந்தச் சுருக்கம் எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருக்கும். பனி விலகி வறட்டு வெயில் அடிக்கும் இந்தத் தை மாதத்தில் பேன் ஏறுவது வழக்கம்தான். ஒரு நல்ல மழை பெய்தால் பாதியைக் கழுவிக்கொண்டு போகும். மழை இல்லையா, செடி வாடாமல் தண்ணீர் கட்டுங்கள். வாடிய செடியால்தான் இந்தக் கடியைத் தாங்க முடியாது. அப்பா சொன்னதன் அர்த்தம் அதுதான்.

இன்னொன்று, இலை நுனியில் ஆப்பு வடிவில் மஞ்சள் இறங்கியிருந்தால் அது தத்துப்பூச்சி, பேன் இல்லை.

இனி கடைக்காரர் பை. இமிடாவும் தயமீத்தாக்சாமும் நியோனிகோட்டினாய்டு என்கிற ஒரே குடும்பத்து மருந்துகள். ஒன்றுக்கு அசையாத பூச்சி மற்றதற்கும் அநேகமாக அசையாது. இரண்டையும் கலப்பது ஒரே மருந்துக்கு இரண்டு பில் கட்டுவது. டானிக்கைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 19:19:19 இந்த வயதில் எதற்கு? தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் குருத்து கொழுத்து மென்மையாகும், சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதுதான் விருந்து. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சு தன் வேலையைச் செய்யட்டும்.

அந்த "ஒரு மூடி" கணக்கு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒவ்வொரு பாட்டில் மூடியும் ஒவ்வொரு அளவு. இருமல் மருந்தோடு வரும் அளவுக் குப்பி ஒன்றை இதற்கென்றே தனியாக எடுத்து வையுங்கள்.

கிணற்றுமேட்டான்:

நன்றி ஐயா. இன்று காலை பார்த்தேன். தெற்குப் பக்கம், தக்காளியை ஒட்டிய பாதியில், பிரித்த குருத்தில் எல்லாம் குஞ்சு ஓடுகிறது. விரிகிற புது இலையிலும் கீறல் இருக்கிறது. வடக்குப் பாதி பரவாயில்லை, தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

குருத்து கருகிய செடிகள் வேறு மாதிரி இருக்கின்றன. கருகலுக்குக் கீழே உள்ள இலைகளில் வெளிர்பச்சையில் வளையம் வளையமாகத் தெரிகிறது. பக்கக் குருத்துகள் குட்டையாக, கோணல் இலையோடு கொத்தாக முளைக்கின்றன. இதுவும் பேன்தானா?

எண்ணெய்வித்து:

வேளாண்மை படித்தவள், திண்டிவனத்துக்காரி. தம்பி சொல்லும் அடையாளம் மொட்டுக் கருகல் நோய். அது ஒரு வைரஸ். பேன் சாறு குடித்ததால் மட்டும் குருத்து அப்படிக் கருகாது. இந்த வைரஸைச் சுமப்பது திரிப்ஸ் பால்மி என்கிற இலைப்பேன் இனம். இலையைச் சுரண்டுவதில் முன்னால் நிற்கும் சிர்டோதிரிப்ஸ் வேறு இனம், மிளகாயைச் சுருட்டுவதும் அதுதான். இரண்டும் ஒரே கொல்லையில் இருக்கலாம், கண்ணால் பிரிப்பது கடினம்.

மருந்து முடிவை மாற்றும் விஷயம் ஒன்று உண்டு. நோயுற்ற செடியில் குஞ்சாக இருக்கும்போது சாறு குடித்த பேன்தான் வளர்ந்தபின் வைரஸைப் பரப்பும். வளர்ந்தபின் முதன்முதலாக நோய்ச் செடிக்கு வந்து குடித்த பேனால் பரப்ப முடியாது. அதனால் கொல்லையில் முதலில் தெரியும் நோய் பெரும்பாலும் வெளியிலிருந்து பறந்து வந்த பேன் கொடுத்தது. தக்காளி, உளுந்து, பச்சைப்பயறு எல்லாவற்றிலும் இந்த வைரஸ் தங்கும். பறந்து வரும் பேன் மருந்தில் சாவதற்குள் ஒரு முறை குடித்துவிடும், அது போதும். நோய் பிடித்த செடியை எந்தத் தெளிப்பும் மீட்காது. மருந்து கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

வரப்பில் பார்த்தீனியம் இருந்தால் பூப்பதற்கு முன் பிடுங்குங்கள். தண்டுக் கருகல் என்று இன்னொரு வைரஸ் இருக்கிறது. அது பார்த்தீனிய மகரந்தத்தில் வரும். பேன் சுரண்டிய காயம் வழியாக மகரந்தத்திலுள்ள வைரஸ் உள்ளே இறங்கும். 2000ஆம் ஆண்டு அனந்தப்பூர் மாவட்டத்தில் 2 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிலக்கடலையைப் பிடித்தது அந்த நோய்தான்.

அடுத்த பட்டத்தில் ஓரத்தைச் சுற்றிக் கம்போ சோளமோ நெருக்கி விதையுங்கள். காற்றில் வரும் பேனுக்கு அது தடுப்பு. செடி எண்ணிக்கையும் குறையக்கூடாது. இடைவெளி விழுந்த கொல்லையில்தான் பேன் அதிகம் இறங்குகிறது. இமிடாகுளோபிரிட் சேர்ந்த விதை நேர்த்தி மருந்து முதல் சில வாரங்களுக்குக் காவல். வேர் முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை மருந்து உலர்ந்த பிறகு, விதைக்கும் சமயத்தில் கலக்க வேண்டும்.

பழைய பம்ப்செட்:

அம்மா சொன்னது சரி. தம்பி, தெற்குப் பாதிக்கு மட்டும் அடியுங்கள். வடக்குப் பாதியில் பூச்சியைத் தின்னும் பொறிவண்டும் சிலந்தியும் வேலை செய்யட்டும்.

முதல் தெளிப்பு என்றால் நான் வேப்பங்கொட்டைச் சாறுதான் சொல்வேன். 10 கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டர் ஆக்கினால் ஏக்கருக்கு 5 சதவீதக் கரைசல். கொஞ்சம் காதி சோப்பு கரைத்துக்கொள்ளுங்கள், அதுதான் ஒட்டும். வேலை அதிகம், நாற்றமும் உண்டு, ஒரே நாளில் பூச்சி செத்து விழாது. பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

மருந்துதான் என்றால் ஒன்றே ஒன்று. இமிடா 17.8 எஸ்.எல். ஏக்கருக்கு 40 முதல் 50 மில்லி. 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயரில் ஏக்கருக்குப் பத்து டேங்க் வரும், டேங்குக்கு 5 மில்லி. உங்களுக்குத் தெற்கே ஒரு ஏக்கர்தானே? பத்து டேங்க் ஓடத்தான் வேண்டும். ஆறு டேங்கில் முடித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது. சாயங்காலம், காற்று அடங்கியபின், நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடித்து மெல்ல நடக்க வேண்டும். குஞ்சு மடிப்புக்குள், முட்டை இலைச் சதைக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள். ஒரே தெளிப்பில் அத்தனையும் சாகாது. அதற்காக வாராவாரம் அடிக்கவும் கூடாது.

எண்ணெய்வித்து:

ஐயா, ஒரு சின்னத் திருத்தம். இமிடா லேபிளில் நிலக்கடலைக்கு அசுவினியும் தத்துப்பூச்சியும்தான் இருக்கும். இலைப்பேன் என்று போட்டிருப்பது லாம்டா சைகலோத்ரின் 5 இ.சி., ஏக்கருக்கு 80 முதல் 120 மில்லி.

பழைய பம்ப்செட்:

லேபிளில் இருப்பது வாஸ்தவம்தான். ஆனால் லாம்டா அடித்தால் நல்ல பூச்சியும் சேர்ந்து போகும். அப்புறம் சிவப்புச் சிலந்தி (செடியில் சாறு உறிஞ்சும் சிற்றுண்ணி) கிளம்பினால் அதற்கு வேறு மருந்து தேட வேண்டும். உள்ளே ஊடுருவும் குணமும் அதற்கு இல்லை. மடிப்புக்குள் இருப்பதை எப்படித் தொடும்?

எண்ணெய்வித்து:

அதை மறுக்கவில்லை. அதனால்தான் வேம்பு முதலில் என்று நீங்கள் சொன்னதற்கு என் ஓட்டு. அது போதாவிட்டால், லேபிளோடு உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள் தம்பி.

கிணற்றுமேட்டான்:

வேப்பம்பருப்பு வீட்டிலேயே இருக்கிறது, அப்பாதான் சேர்த்து வைத்திருக்கிறார். இன்று இரவு ஊறவைக்கிறோம். தயமீத்தாக்சாமையும் டானிக்கையும் கடையில் திருப்பிக் கொடுத்தேன், முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார். கருகிய செடிகளைப் பிடுங்கிவிடவா?

எண்ணெய்வித்து:

விரல் விட்டு எண்ணும் அளவு என்றால் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். நிறைய இருந்தால் விட்டுவிடுங்கள். பிடுங்கினால் கொல்லையில் சந்து விழும், அந்தச் சந்தில்தான் அடுத்த பேன் இறங்கும்.

கொங்குக் கடலைக்காய்:

தடையா? எனக்குத் தெரியாதுங்க. தோட்டத்துச் சாளையில அரை லிட்டர் இன்னும் கிடக்குது. அதை என்ன பண்றதுங்க?

பழைய பம்ப்செட்:

மூடியை இறுக்கி, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டிவிடாதீர்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தில் எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். காலிப் பாட்டிலிலும் தண்ணீர் பிடிக்க வேண்டாம்.